ரஜினிக்கே ஸ்டென்ட்தானே, பெரியப்பாவுக்கு எதுக்கு பைபாஸ்?

போன வாரம் மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு டீக்கடையில நின்னுட்டு இருந்தேன். எங்க பெரியப்பாவ விசாரிச்சாரு ஒருத்தர். ஆபரேஷன் முடிஞ்சு நல்லா நடக்கறாருன்னு சொன்னேன். உடனே பக்கத்து பெஞ்சுல இருந்தவரு, "ரஜினிக்கே ஸ்டென்ட் வெச்சு ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உங்க பெரியப்பாவுக்கு எதுக்கு நெஞ்சப் பொளந்தாங்க? இந்தக் காலத்துல யாராச்சும் பைபாஸ் பண்ணுவாங்களா?"ன்னு கேட்டாரு.

சுருக்குன்னு வந்துச்சு.

அவரு மேல கோவம் இல்ல. அவரு நல்லதுக்குதான் கேக்கறாரு. ஆனா இதே வார்த்தைய நம்பி, பைபாஸ் தேவைப்படற எத்தன பேரு "ஸ்டென்ட் வெச்சா போதும்"னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறாங்கன்னு இப்ப எனக்குத் தெரியும். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல ரஜினி விஷயத்த முடிச்சுடறேன்.

2024 செப்டம்பர் கடைசியில அவருக்கு சென்னை அப்போலோவுல வெச்ச ஸ்டென்ட், இதய அடைப்புக்கு வெச்சதே இல்ல. இதயத்துலேர்ந்து உடம்பு முழுக்க ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய் இருக்கே, மகாதமனி, அதுல ஒரு வீக்கம். அந்த வீக்கத்த உள்பக்கமா அடைக்க வெச்சது அது. பேரு மட்டும்தான் ஒண்ணு. நம்ம ஊர்ல "பிளாக்"னு சொல்றது இதயத்துக்கே ரத்தம் குடுக்கற சின்னக் குழாய்கள்ல வர்ற அடைப்பு. கொரோனரி குழாய்னு சொல்வாங்க. அது வேற கதை.

இனி பெரியப்பா கதைக்கு வரேன்.

ரயில்வேயில தண்டவாள வேலை பாத்து ரிடையர் ஆனவரு. வெயில்ல பாறாங்கல்லு மாதிரி நின்ன மனுஷன். சுகர் ரொம்ப வருஷமா இருக்கு. கொஞ்ச நாளா ஸ்டேஷன் மேம்பாலப் படி ஏறும்போது நெஞ்ச அழுத்தற மாதிரி இருக்கும், நின்னா சரியாயிடும். "வாயு"ன்னு சொல்லி ஓமத் தண்ணி குடிச்சுட்டு இருந்தாரு. (நடந்தா வர்ற வலி, நின்னா போற வலி. இது வாயு இல்லைங்க. இந்த ஒரு வரிய மட்டும் படிச்சுட்டுப் போனாலும் எனக்கு சந்தோஷம்.)

சேலத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆஞ்சியோ எடுத்தாங்க. பேரு வேணாம். உள்ள படம் எடுத்துட்டு இருக்கும்போதே ஒருத்தர் வெளிய ஓடி வந்தாரு. "மூணு குழாய்லயும் அடைப்பு இருக்கு. கம்பி உள்ளதான் இருக்கு, அப்படியே ஸ்டென்ட் வெச்சுடலாம். மூணோ நாலோ தேவைப்படும். சீக்கிரம் சொல்லுங்க, கையெழுத்துப் போடுங்க."

எங்க அண்ணனுக்கு கை நடுங்குது. நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறோம். அப்பதான் பெரியம்மா கேட்டாங்க: "அவரு மயக்கத்துலயா இருக்காரு? முழிச்சுட்டுதான இருக்காரு? அவரு உடம்பு, அவரக் கேக்காம நாங்க எப்படிங்க சொல்றது?"

அந்தக் கேள்விக்கு ஓடி வந்தவருகிட்ட பதில் இல்ல. ஆஞ்சியோ எடுக்கும்போது கையில மரத்துப் போற ஊசி மட்டும்தான் போடுவாங்க, ஆளு முழிப்பாத்தான் இருப்பாரு. அவசரம் இல்லைன்னா படத்தோட நிறுத்திட்டு வெளிய வந்து யோசிக்கலாம். மாரடைப்பு வந்து துடிச்சுட்டு இருக்கற ஆளுக்குத்தான் அங்கயே, அப்பவே வெக்கணும். பெரியப்பா அப்படி இல்ல. மாசக்கணக்கா படி ஏறினா வலி, அவ்ளோதான். ஒரு நாள் யோசிச்சா குடி முழுகிடாது.

"படத்த சிடியில போட்டுக் குடுங்க, நாங்க பேசிட்டு வரோம்"னு வாங்கிட்டு வந்துட்டோம்.

பெரியப்பாவுக்கு ரயில்வே மருத்துவ அட்டை இருக்கு. அதனால பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மொரப்பூர்ல ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் புடிச்சா விடிஞ்சா சென்னை. நம்ம பக்கத்து ரயில்வேக்காரங்களுக்குப் பழகுன வழி இது.

அந்த ஆஸ்பத்திரியப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். இந்தியாவுல முதல் தடவையா பைபாஸ் ஆபரேஷன் வெற்றிகரமா நடந்தது அங்கதான். 1975ல, டாக்டர் கே.எம்.செரியன் பண்ணது. கேங்மேனும் பாயிண்ட்ஸ்மேனும் வரிசையில நிக்கற அதே ரயில்வே ஆஸ்பத்திரியில! இதப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. அதே மாதிரி அடைப்புல பலூன ஊதி விரிக்கற சிகிச்சைய நம்ம நாட்டுல வேரூன்ற வெச்சவரு டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். பலூன் முறையக் கண்டுபிடிச்ச குருயன்ட்ஸிக்கிட்டயே அமெரிக்காவுல கத்துக்கிட்டு வந்து, சென்னை அப்போலோவுல 1980கள்லயே ஆரம்பிச்சாரு. ரெண்டு பேருக்கும் பூர்வீகம் கேரளா, ரெண்டு பேரும் பேரெடுத்தது சென்னையில. ரெண்டு பேரும் 2025ல, ஒருத்தர் ஜனவரியில, இன்னொருத்தர் ஏப்ரல்ல, காலமானாங்க. நம்ம மாநிலத்துக்காரங்க ஆயிரக்கணக்குல இன்னிக்கு மூச்சு விட்டுட்டு இருக்கறதுல இவங்க ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கு.

சரி, விஷயத்துக்கு வரேன்.

பெரம்பூர்ல படத்த இதய டாக்டரும் பாத்தாரு, ஆபரேஷன் பண்ற சர்ஜனும் பாத்தாரு. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பாத்தாங்க. இது எவ்ளோ பெரிய விஷயம்னு அப்ப எங்களுக்குத் தெரியல. ஸ்டென்ட் வெக்கறது இதய டாக்டர். பைபாஸ் பண்றது சர்ஜன். ஒருத்தர மட்டும் கேட்டா அவருக்குக் கைவந்த வழியத்தான் அவரு முதல்ல சொல்வாரு. அதுல கெட்ட எண்ணம் இருக்கணும்னு அவசியமே இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு எடுக்கணும்னுதான் உலகம் பூரா இதய மருத்துவ சங்கங்களும் சொல்லுது.

சர்ஜன் பெரியப்பாகிட்டயே நேரா பேசுனாரு. "ஐயா, உங்களுக்கு சுகர் இருக்கு. மூணு குழாயும் அடைச்சிருக்கு. அடைப்பு ஒரு இடத்துல நிக்காம நீளமா ஓடுது. உங்களுக்கு பைபாஸ்தான் நீண்ட நாளைக்கு நல்லது."

பெரியப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "ஏன் சார், கம்பி வெச்சா என்ன ஆவும்?"

அதுக்கு சர்ஜன் சொன்னது நியாயமான பதில். ஆனா ஆஸ்பத்திரி பாஷையில இருந்துச்சு. பெரியப்பாவுக்கு நான் அத சொட்டு நீர் குழாய வெச்சுதான் விளக்கினேன். நம்ம தக்காளிக் காட்டுல போர்த் தண்ணியில உப்பு படிஞ்சு குழாய் அடைச்சுக்குமே, அதே கதைதான். ஒரே இடத்துல அடைச்சிருந்தா அங்க மட்டும் சரி பண்ணா போதும், கடைசிச் செடி வரைக்கும் தண்ணி பாயும். அதுதான் ஸ்டென்ட். குழாய் நெடுக உப்பு படிஞ்சு கிடந்தா? இன்னிக்கு ஒரு இடத்த சரி பண்ணா அடுத்த வருஷம் அதுக்கு ரெண்டு அடி தள்ளி அடைக்கும். அப்ப புதுசா ஒரு குழாய இழுத்து, அடைப்பெல்லாம் தாண்டி வால் பக்கத்துல கொண்டுபோய் சேக்கறதுதான் புத்தி. பழைய குழாய்ல நாளைக்குப் புது அடைப்பு வந்தாலும் செடி காயாது. அதுதான் பைபாஸ்.

"அட, இவ்ளோதானா"ன்னாரு பெரியப்பா.

இப்ப ரெண்டும் எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். ஸ்டென்ட்னா மணிக்கட்டு வழியா (சில சமயம் தொடை வழியா) ஒரு மெல்லிசுக் கம்பி போகும். அடைப்பு இருக்கற இடத்துல பலூன ஊதி விரிச்சு, ஒரு வலை மாதிரி உலோகக் குழாய அங்க நிறுத்திட்டு வந்துடுவாங்க. இப்ப வர்றது எல்லாம் மருந்து தடவின ஸ்டென்ட், திரும்ப சதை வளந்து மூடாம இருக்க. ஒண்ணு ரெண்டு நாள்ல வீடு.

பைபாஸ்னா நெஞ்செலும்பப் பிரிச்சு, நெஞ்சுக்கூட்டுக்கு உள்பக்கமா ஓடற ஒரு தமனிய எடுத்து இதயத்தோட முன்பக்கக் குழாய்ல தைப்பாங்க. அந்த முன்பக்கக் குழாய்தான் முக்கியமானது. மத்த குழாய்க்குக் காலுலேர்ந்து எடுத்த நரம்பு. அந்த நெஞ்சுத் தமனி இருக்கு பாருங்க, அதுதான் பைபாஸோட பெரிய பலம். பத்து வருஷம் கழிச்சுப் பாத்தாலும் பத்துல ஒன்பது பேருக்கு அது திறந்தே இருக்கும். கால் நரம்பு அப்படி இல்ல, பத்து வருஷத்துல ஏறக்குறைய பாதி மூடிடும். அதனால "நெஞ்சுத் தமனிய வெக்கறீங்களா"ன்னு சர்ஜனக் கேக்கறது தப்பே இல்ல.

கால் நரம்ப வெச்சு பைபாஸ் பண்ற முறைய 1967ல ஒழுங்குபடுத்தினவரு ரெனே ஃபாவலோரோ. அர்ஜென்டினாக்காரரு. அமெரிக்காவுல கிளீவ்லண்ட்ல போய் இதப் பண்றதுக்கு முன்னாடி, பன்னண்டு வருஷம் அவங்க நாட்டுல ஒரு பட்டிக்காட்டுல டாக்டரா இருந்தாரு. பிரசவம் பாத்து, கிராமத்து ஜனங்களுக்கு வைத்தியம் பாத்துட்டு இருந்த மனுஷன்! பத்து வருஷம் கழிச்சு 1977 செப்டம்பர்ல ஜூரிக்ல ஆண்ட்ரியாஸ் குருயன்ட்ஸிக் முதல் பலூன ஊதினாரு. 1986ல பிரான்ஸ்ல முதல் ஸ்டென்ட். ஆக "பைபாஸ் பழசு, ஸ்டென்ட் புதுசு"ங்கறது வரிசைப்படி சரிதான். பின்னால வந்ததுங்கறதால எல்லாருக்கும் அதுதான் நல்லதுன்னு ஆயிடாது.

ஆயிடாதுன்னு நான் சொல்லல. ஆராய்ச்சி சொல்லுது.

2012ல வந்த ஃப்ரீடம்ங்கற ஆராய்ச்சி. சுகரும் இருந்து, ஒண்ணுக்கு மேல குழாய்ல அடைப்பும் இருந்த 1,900 பேரு. பாதிப் பேருக்கு ஸ்டென்ட், பாதிப் பேருக்கு பைபாஸ். அஞ்சு வருஷத்துல ஸ்டென்ட் வெச்சவங்கள்ல 100க்கு 16.3 பேரு இறந்துட்டாங்க. பைபாஸ் பண்ணவங்கள்ல 10.9. பெரியப்பா கேஸ் அப்படியே இதுதான். அதே ஆராய்ச்சியில பக்கவாதம் மட்டும் பைபாஸ்லதான் அதிகம், 5.2க்கு 2.4. அதையும் மறைக்காம சொல்லிடணும். பைபாஸ் சும்மா வர்றதில்ல.

மறுபக்கமும் இருக்கு. 2022ல ஃபேம் 3ன்னு ஒண்ணு வந்துச்சு, மூணு குழாய் அடைப்பு இருந்த 1,500 பேரு. முதல் வருஷம் பைபாஸ்தான் முன்னால. ஆனா அஞ்சு வருஷம் ஆனப்ப, மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூணையும் சேத்துப் பாத்தா பெரிய வித்தியாசம் இல்லைன்னு 2025ல சொன்னாங்க. ஸ்டென்ட்டும் நல்லாவே தேறிட்டு வருது. அடைப்பு எத்தன, எங்க, எவ்ளோ சிக்கலா இருக்குன்னு மார்க் போடற சின்டாக்ஸ் ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு. 22 வரைக்கும் சுலபம், 33லேர்ந்து மேல சிக்கல். சிக்கல் கூடக்கூட தராசு பைபாஸ் பக்கம் சாயும். உங்க டாக்டர்கிட்ட "ஸ்கோர் எவ்ளோ சார்"னு கேளுங்க. கேக்கறவங்கள மதிக்காத டாக்டர் கம்மி.

ஸ்டென்ட்டே தப்புன்னு யாரும் எடுத்துக்காதீங்க. எங்க தெருக்காரர் ஒருத்தரு, வயசு அம்பதுகூட இல்ல, விடியக்காலையில மாரடைப்பு. ஒரே குழாய் முழுசா மூடிடுச்சு. அவருக்கு உயிர் குடுத்தது ரத்தக் கட்டியக் கரைக்கற ஊசியும் ஸ்டென்ட்டும்தான். மாரடைப்பு நேரத்துல ஸ்டென்ட்ட மாதிரி உயிர் காக்கறது வேற எதுவும் இல்ல.

ஆனா மொரப்பூர்ல உக்காந்துட்டு மாரடைப்பு வந்தா என்ன பண்றது? இது நம்மள மாதிரி ஊருக்காரங்களுக்கு முக்கியமான கேள்வி. தர்மபுரிக்கு ரோட்டுலதான் போகணும். சேலம் இன்னும் தூரம். அதனால முதல்ல பக்கத்துல இருக்கற அரசு ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்து, ரத்தக் கட்டியக் கரைக்கற ஊசியப் போட்டுட்டு, அப்பறம் ஸ்டென்ட் வெக்கற வசதி இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளைக்குள்ள மாத்தணும். இந்த முறைய நம்ம தமிழ்நாட்டுலயே 2,420 மாரடைப்பு நோயாளிங்ககிட்ட பரிசோதிச்சுப் பாத்து 2017ல வெளியிட்டாங்க. ஒரு வருஷத்துல இறப்பு 17.6 சதவீதத்துலேர்ந்து 14.2க்குக் குறைஞ்சுது. நம்ம கிராமத்து ஜனங்களுக்காக நம்ம ஊர் டாக்டருங்க பண்ண வேலை இது.

2023லேர்ந்து "இதயம் காப்போம்" திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் நெஞ்சு வலின்னு போனா உடனே மாத்திரை குடுக்கறாங்க. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8, ஆக 14 மாத்திரை. முழுங்கிட்டு 108ல ஏறணும். சோடா குடிச்சுப் பாக்கறது, விடியட்டும்னு படுக்கறது, இதெல்லாம் வேணாம்ங்க. இதயத் தசை ஒருதரம் செத்துட்டா திரும்ப வராது.

இன்னொரு உண்மையும் இருக்கு, இத நம்ம ஊர்ல யாரும் பேசறதே இல்ல. அவசரம் இல்லாத, அடங்கி இருக்கற அடைப்பா இருந்தா, நிறைய பேருக்கு ஸ்டென்ட்டும் வேணாம், பைபாஸும் வேணாம். மாத்திரையும் நடையும் போதும். 2007ல கரேஜ், 2020ல இஸ்கீமியான்னு ரெண்டு பெரிய ஆராய்ச்சி. இஸ்கீமியாவுல மட்டும் 5,179 பேரு. ஒழுங்கா மாத்திரை சாப்ட்டவங்களும், உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ பண்ணிக்கிட்டவங்களும் அந்த வருஷங்கள்ல உயிரோட இருந்ததுல வித்தியாசமே இல்ல. நெஞ்சு வலி குறையறதுல மட்டும் ஸ்டென்ட், பைபாஸ் பண்ணவங்களுக்கு நல்ல பலன். (இடது பக்கத்து மூலக் குழாய்லயே அடைப்பு, இதயம் பம்ப் பண்ற சக்தி ரொம்பக் கம்மி, இவங்களுக்கு இது பொருந்தாது.) ஆஞ்சியோவுல ஏதோ ஒரு எழுபது சதவீதம்னு பாத்த உடனே வீட்டை அடமானம் வெக்கக் கிளம்பறவங்க தயவுசெஞ்சு இத ஒருதரம் டாக்டர்கிட்ட கேளுங்க.

காசுப் பேச்சு வந்தாச்சு, அதையும் சொல்லிடறேன்.

2017 பிப்ரவரி வரைக்கும் ஒரு மருந்து ஸ்டென்ட் லட்சத்துக்கு மேல வித்துச்சு. அரசாங்கம் உச்ச விலை போட்டு 29,600க்கு இறக்கினாங்க. 2025ல அது 38 ஆயிரத்துச் சொச்சமா இருந்துச்சு. பில்லுல ஸ்டென்ட் விலைய தனியா காட்டணும், கம்பெனி பேரோட. "இம்போர்ட்டட் ஸ்டென்ட், ஒண்ணரை லட்சம்"னு யாராவது சொன்னா, உச்ச விலையக் காட்டிக் கேளுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, வருமான வரம்பு 1,20,000. ஸ்டென்ட், பைபாஸ் ரெண்டுக்கும் செல்லும். "ஸ்டென்ட்டுக்கு மட்டும்தான் அட்டை, பைபாஸ்னா கைக்காசு"ன்னு அரூர் பக்கம் ஒரு புரளி ஓடுது. பொய். அட்டை இல்லாதவங்க முதல்ல தாசில்தார் ஆபீஸ்ல வருமானச் சான்று வாங்குங்க, வலி வர்றதுக்கு முன்னாடியே.

ஸ்டென்ட் வெச்சவங்க ஒரு விஷயத்த மறக்கவே கூடாது. ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற ரெண்டு மாத்திரைய டாக்டர் சொல்ற வரைக்கும் நிறுத்தவே கூடாது. மாரடைப்புக்கு வெச்சிருந்தா பெரும்பாலும் ஒரு வருஷம். பல்லு புடுங்கணும்னு, மாத்திரை தீந்துடுச்சுன்னு, திருவிழாவுக்குப் போனேன்னு நிறுத்துனா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் கட்டிக்கும். அது பழைய அடைப்ப விட மோசம். மாத்திரைய ஒழுங்கா சாப்பிட முடியாதவருன்னா அதையும் முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. எதப் பண்றதுன்னு முடிவு பண்ண அதுவும் ஒரு காரணம்.

பைபாஸுக்கு அப்பறம் நாள் கொஞ்சம் கஷ்டம்தான், பூசி மெழுக மாட்டேன். நெஞ்செலும்பு ஒண்ணா ஒட்ட ரெண்டு மூணு மாசம் ஆகும். இருமுனா தலையணைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருமணும். பெரியப்பாவுக்குக் கால் நரம்பு எடுத்த இடம்தான் நெஞ்ச விட அதிகமா வலிச்சுது. குடம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. ராத்திரியில காரணமே இல்லாம அழுதாரு. அது நிறைய பேருக்கு வருமாம், தானா சரியாயிடும்னாங்க, ஆயிடுச்சு. பெரியம்மா தூங்காம கிடந்தாங்க. வீட்ல ஒரு ஆளு முழு நேரமும் கூட இருக்க முடியுமாங்கறத யோசிச்சுட்டுதான் தேதி வாங்கணும்.

இதெல்லாம் வயசானவங்க தாங்குவாங்களான்னு கேக்கறவங்களுக்கு மன்மோகன் சிங்கச் சொல்வேன். அவருக்கும் சுகர் உண்டு. 1990ல பைபாஸ். 2004ல ஸ்டென்ட். 2009 ஜனவரியில, பிரதமரா இருக்கும்போதே, எய்ம்ஸ்ல ரெண்டாவது பைபாஸ். அதே வருஷம் மே மாசம் திரும்பப் பிரதமரா பதவி ஏத்தாரு. 92 வயசு வரைக்கும் இருந்தாரு. ஒரே ஆளுக்கு ஒரு சமயம் அது சரி, இன்னொரு சமயம் இது சரி. டீக்கடையில கேட்டவருக்கு இதத்தான் சொன்னேன். "அப்படியா சங்கதி"ன்னுட்டு, அவங்க மச்சானோட ஆஞ்சியோ சிடி வீட்ல கிடக்குதுன்னாரு. எடுத்துட்டு வாங்க, ஒரு சர்ஜன்கிட்டயும் காட்டலாம்னு சொல்லியிருக்கேன்.

உங்க வீட்லயும் அப்படி ஒரு சிடி கிடந்தா, ரெண்டாவது டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல இதையெல்லாம் எழுதிக்கங்க: எந்தக் குழாய்ல அடைப்பு, மூலக் குழாய்ல இருக்கா, ஸ்கோர் எவ்ளோ, எக்கோவுல பம்பிங் எவ்ளோ, சுகர் எப்படி இருக்கு, மாத்திரையோட சமாளிக்க முடியுமா, சர்ஜன் படத்தப் பாத்தாரா. நான் டாக்டர் இல்ல, எது பண்ணணும்னு சொல்ல மாட்டேன். ஆனா கேள்வி எழுதறதுக்குத் துணை வேணும்னா கேளுங்க, கட்டாயம் எழுதித் தரேன். நெஞ்சு வலி இப்பவே இருக்குன்னா இதப் படிக்கறத நிறுத்திட்டு 108க்கு போன் பண்ணுங்க.